கூவாமல் நின்ற சேவல்

என் செல்ல அண்ணே, அருளப்பண்ணே,

உன் பேர் சுத்தமாகும் வரைக்கும் உன் கல்லறைக்குப் பூ கொண்டு வர மாட்டேன் என்று உன்னைப் புதைத்த அன்றே சொன்னேன். கல்லறைத் திருநாளில் ராயபுரமே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகக் கிளம்பும். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். என்னைத் திட்டினாயா? திட்டியிருப்பாய். பூ என்றால் உனக்குப் பைத்தியம் ஆச்சே.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வேஷத்தில் ஆரம்பித்தது. தவக்காலத்தில் போடுகிற பாஸ்கா நாடகத்தில், சேசுவைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸாக நடிக்க ஒருவனும் வரவில்லை. நீ போனாய். போனவன் சும்மா வந்தாயா? கிழவிகள் எழுந்து மண்ணை வாரித் தூற்றுகிற அளவுக்கு நடித்தாய். வீட்டுக்கு வந்து தலையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சிரித்தாய். உன் தோஸ்து சூசைக்கு இராயப்பர் வேஷம். சேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் தேம்பி அழுகிறாரே, அந்த இராயப்பர். நம் ஊருக்கே பேர் கொடுத்த புனிதர் என்பதால் அந்த வேஷத்துக்கு எப்போதும் அடிதடிதான்.

அதே வருசம் ஹார்பரில் வேலைநிறுத்தம். கமிட்டிக்காரர்கள் நெட்டுக்குப்பத்தில் ஒரு குடிசையில் பதுங்கியிருந்தார்கள். இடம் தெரிந்தது சோறு கொண்டுபோன உனக்கும் சூசைக்கும் மட்டும்தான். போலீஸ் நேராக அந்தக் குடிசைக்குப் போய் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்தது. யார் சொன்னது என்று ஊர் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. மேடையில் காட்டிக்கொடுத்தவன்தானே இங்கேயும் காட்டிக்கொடுத்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படியும் மடையர்கள் உண்டா அண்ணே? அன்றிலிருந்து உன் பேர் யூதாஸ். என் பேர் யூதாஸ் தங்கச்சி. நான் இறால் உரிக்கிற கொட்டகையில்கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

உனக்கு எவனும் வேலை தரவில்லை. மணலிப் பக்கம் மண் சுமக்கப் போனாய், காமாலையோடு வந்தாய், போய்ச் சேர்ந்தாய். உன் பெட்டியைத் தூக்க ஆள் இல்லாமல் நான் வாசலில் நின்றேன். சூசைதான் வந்தான். முன்பக்கம் தோள் கொடுத்தான், எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

டீக்கடை காதர் பாய் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போலீஸ் குடிசைக்குப் போன அன்னிக்கு சாயங்காலம் பூரா அருளப்பன் என் கடையிலதாம்மா குந்திகினு இருந்தான். போலீஸ் ஜீப்புல ஏறிப் போனது சூசை. என் கண்ணால பாத்தேன். சாட்சிக்கு மட்டும் கூப்டாத தாயி, கடைய வச்சிகினு கீறேன்."

நேராகச் சூசையிடம் போய்க் கேட்டேன். அவனுக்கு அதற்குள் ஹார்பரில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக நின்றவன், தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அந்த வாயாலேயே உன் பேரை வரவழைக்கிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எப்படி? என்னிடம் என்ன இருந்தது? பெண்களுக்கு மேடை கிடையாது. இராயப்பரை மடக்கிக் கேள்வி கேட்கிற வேலைக்காரி வேஷத்தைக்கூட மீசையை மழித்த ஒரு ஆள்தான் போட்டான். ஆனால் திரைக்குப் பின்னால் சேவலாகக் கூவுகிறவருக்குப் பல் கொட்டிப்போய், அந்த இடம் காலியாக இருந்தது. நாடக வாத்தியாரிடம் கேட்டேன். சேவல் என்றால் ஆம்பளைடி, நீ பாதியில் முட்டை போட்டுவிடுவாய் என்று அவர் சிரித்தார். விடாமல் நச்சரித்து வாங்கினேன்.

முதல் வருசம் என் குரல் துருப்பிடித்த கீல் மாதிரிக் கிறீச்சிட்டது. இராயப்பர் அழ வேண்டிய நேரத்தில் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருசம் தொண்டை கட்டிக்கொண்டது. இந்தத் தொழிலில் வருசத்துக்கு ஒரே ஒரு கூவல்தான் அண்ணே. தவறினால் அடுத்த தவக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்து காசிமேட்டுக் கற்களில் உட்கார்ந்து, அலைச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவும்போது கழுத்தை எங்கே நிறுத்துகிறது, கடைசி இழுப்பை எப்படி இறக்குகிறது என்று கூண்டுக்கு முன்னால் குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருசம் ஆரம்பம் சரியாக வந்தது. இன்னொரு வருசம் நடுப்பகுதி வந்தது. அந்தக் கடைசி இழுப்பு மட்டும் வரவே மாட்டேன் என்றது. அழுகை வரும். சூசையின் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொள்வேன், மறுபடி கத்துவேன். ஒரு நாள் விடிகாலையில் நான் கூவ, அந்தச் சேவல் கூண்டுக்குள் இருந்து பதில் கொடுத்தது. அன்றைக்கு நான் வேலைக்கே போகவில்லை.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? நான் நன்றாகக் கூவக் கூவ, அவன் நன்றாக அழுதான்! என் கூவலில் உடம்பு சிலிர்த்துப்போய் அப்படியே முழங்காலிட்டு விழுவான். ஊர் கண்ணீர் விட்டது, மாலை போட்டது. வருசக் கணக்கில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அவனை நான் பெரிய நடிகனாக்கிவிட்டேன். இந்தப் பொறுமைக்குப் பேசாமல் அவன் வீட்டில் கல்லெறிந்திருக்கலாம் என்று தோன்றியது.

இந்த வருசம் இறால் கொட்டகையில் ஒருத்தி என்னைச் சீண்டினாள்.

"உன் சேவல் மட்டும் கூவலன்னா அந்தாளு எப்டிம்மா அழுவாரு?"

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கையில் இருந்த இறால் அப்படியே நின்றது.

பாஸ்கா அன்றைக்கு வேலைக்காரி வந்தாள், நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று மூன்றாம் முறை கேட்டாள். சூசை கையை உதறி, அந்த மனிதனை நான் அறியேன் என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் காத்திருந்தான். மறுபடி சொன்னான், அறியேன். வாத்தியார் பக்கத்தில் வந்து கூவு கூவு என்று பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. ஐந்தாம் முறையும் சொன்னான். கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா சூசை, எத்தினி தபா தெரியாதுன்னுவ?"

ஜனம் சிரித்தது. அவனுக்கு வேர்த்து ஊற்றியது. அவன் திரைப் பக்கம் திரும்பினான். நான் திரையை ஒரு சாண் விலக்கி என் முகத்தைக் காட்டினேன். உன் முகம்தான் எனக்கு என்று எல்லோரும் சொல்வார்களே, அந்த முகத்தை. சூசை அதைப் பார்த்தான். நாடகத் தமிழ் எங்கேயோ போயிற்று.

"அருளப்பனை எனுக்குத் தெரியாது," என்றான்.

யாரும் கேட்காமல் சொன்னான், அண்ணே. சிரிப்பு பொசுக்கென்று அடங்கியது.

அப்போதுதான் கூவினேன். கடைசி இழுப்பு வரைக்கும், இத்தனை வருசத்தையும் சேர்த்துக் கூவினேன். அவன் முழங்காலிடவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. மூக்கு ஒழுக, அசிங்கமாக, நின்ற இடத்திலேயே அழுதான். ஊர் முதல்முறையாக அவன் அழுகைக்குக் கைதட்டவில்லை.

காதர் பாய்க்கும் அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. மறுநாள் காலை ஹார்பர் கேட்டில் நின்று, தான் பார்த்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உன்னைத் தூற்றியவர்கள் வரிசையாக நம் வாசலுக்கு வந்தார்கள். யாருக்கும் நான் பாய் விரிக்கவில்லை.

சூசையும் வந்தான். அடுத்த வருசம் இராயப்பர் வேஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

"அதெல்லாம் ஆவாது," என்றேன். "நீதான் போடுவ. ஊரை வுட்டு ஓடினாலும் தேடிப் புடிச்சி இட்டுகினு வருவேன்."

"இன்னும் இன்னாதாம்மா வேணும் உனுக்கு?"

"நீ நிக்கணும். நான் எப்ப கூவுவேன்னு தெரியாம நிக்கணும்."

வாத்தியார் என்னை நீக்கப் பார்த்தார். ஊர் விடவில்லை. நீ சாகும்போது யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் எனக்கும் மன்னிக்க அவசரம் இல்லை. காத்திருக்க நான் நன்றாகப் பழகிவிட்டேன்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு ஒரு கூடை சாமந்தியோடு வருகிறேன். அவன் இராயப்பராக நிற்கிற ஒவ்வொரு வருசமும் நான் திரைக்குப் பின்னால் இருப்பேன், அவன் உன் பேரைச் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

நேற்று இறால் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நான் யார் என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் சொன்ன பேரையே இங்கே கையெழுத்தாகப் போடுகிறேன்.

அருளப்பன் தங்கச்சி,
ஆக்னேஸ்