அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் எழுந்து நின்றாலே வில்லங்கம் என்று அர்த்தம்.

கப்பலில் வேலை செய்பவர்களும் அவர்கள் வீட்டாரும் பேசிக்கொள்ள ஒரு சமூகத் தளம் இருக்கிறது. தளத்தின் உடம்பு ஒரு பெரிய கம்பெனி செய்தது. அதில் செருகுகிற சின்னச் சின்ன ப்ளகின்கள் எங்கள் மூன்று பேர் கம்பெனியின் கைவேலை. அதில் பச்சைப் புள்ளி என்னுடையது. ஒருவர் இப்போது தளத்தில் இருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. இல்லையென்றால் சாம்பல். அவ்வளவுதான் அதற்கு வேலை, அதையும் இத்தனை வருடமாக ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

நேற்று பெரிய கம்பெனிக்காரர்கள் தளத்தின் புதிய பதிப்பை இறக்கினார்கள். இன்று கண்டவர்களுக்கெல்லாம் பச்சை. நடுக்கடலில் சிக்னலே இல்லாதவனுக்கும் பச்சை. ஒரு மாலுமியின் மனைவி எழுதியிருக்கிறார்: "எப்பப் பாத்தாலும் உள்ளதான் இருக்காரு, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அப்போ யாரோட பேசறாரு?" அதன் கீழே ஆறுதல் சொல்ல வந்த இன்னொரு பெண்மணி, எரிகிற அடுப்பில் தன் பங்குக்கு இரண்டு விறகைத் திணித்திருக்கிறார். இப்படிப் பக்கம் பக்கமாகச் சண்டை. ஒரு புள்ளி இத்தனை குடும்பத்தில் கலகம் மூட்டும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

"ஆச்சா?" என்று மேனேஜர் அதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார். பையைக் கீழே வைக்கவில்லை, என்ன ஆகும்?

மார்ச் 5, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. புதிய பதிப்பில், ஒருவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாலே அவர் வந்துவிட்டதாகத் தளம் குறித்துக்கொள்கிறது. பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தாச்சு என்று சொல்கிற தபால்காரர் மாதிரி. பெரிய கம்பெனிக்கு எழுதினேன். நன்றி, உங்கள் புகார் வரிசையில் இருக்கிறது என்று பதில். எத்தனையாவது இடம் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? அவர்கள் திருத்துகிறவரை நாங்களே ஏதாவது சுற்றுவழி போட்டாக வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

"பெரியவன் வந்திருக்கான்டி!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். கூடம் காலி. அம்மா பின்னாலேயே வந்து போனை நீட்டினாள். அண்ணன் பெயர். பக்கத்தில் பச்சை.

"நான் எழுதினேன். எழுதின நிமிஷம் வந்துட்டான். கூப்பிட்டா வர்ற பிள்ளைதான்டி அவன்."

எழுதினதால்தான் வந்தான். எழுதினால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கண் டாக்டர் இன்று கறாராகச் சொல்லிவிட்டார்: "இனிமே மருந்துக்கு அடங்காதும்மா. ஆபரேஷன்தான். போன பார்வை திரும்பி வராது, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடுங்க, தள்ளிப்போடாதீங்க."

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "பெரியவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவது? அப்பாவுக்கு அவசரமாக ஆபரேஷன் என்றபோது அண்ணன் கப்பலில் இருந்தான். அவனைக் கேட்க நேரமில்லை. கேட்காமலே சரி என்றோம். அப்பா உள்ளே போனவர் போனவர்தான். கரைக்கு வந்தவன் வாசல்படி ஏறாமல் நின்றே கேட்டான்: "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலையா?" அன்றைக்குத் திரும்பிப் போனான். நம்பரை மாற்றினான், கப்பல் கம்பெனியை மாற்றினான், என் மெயில் போகாதபடி தடுத்துவைத்தான். இந்தத் தளத்தில் இருக்கிற கணக்கை மட்டும் ஏனோ மூடவில்லை. இரண்டு வருடமாக அம்மா அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு பதில் கிடையாது.

அவனைக் கேட்காமல் இனி இந்த வீட்டில் யாரையும் கத்தி தொடாது என்பது அம்மா எடுத்த முடிவு.

மார்ச் 10, திங்கள்

சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, அந்தப் பச்சையை நம்பாதே. அது கோளாறு. எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுது."

"ஊருக்கெல்லாம் கோளாறா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வந்திருக்கான்."

"அதை எழுதினதே நான்தாம்மா. எனக்குத் தெரியாதா?"

"உங்க ரெண்டு பேரையும் பெத்தது நான். எனக்குத் தெரியாதா?"

இதற்குமேல் எந்தக் கோர்ட்டில் போய் வாதாட?

எழுத்தைப் பெரிதாக்கி, போனை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அவனுக்கு எழுதினாள். எழுதி முடித்து எனக்கும் படித்துக் காட்டினாள்: "ராஜா, கண்ணுல ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணிக்கவா? நீ சரின்னு சொன்னாதான் போவேன்." உடனே பச்சை. வராமல் எங்கே போகும், சனியன்.

மார்ச் 12, புதன்

சுற்றுவழி எழுதினால் பிறந்தநாள் ப்ளகின் படுத்துவிட்டது. அதை நான் தொடவே இல்லை. தொடவே இல்லை!

மார்ச் 13, வியாழன்

ஆச்சு. மேனேஜர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: ஆச்சு.

மத்தியானம் திருத்தத்தை ஏற்றினோம். எங்கள் வேலையைப் பரிசோதிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் விட்ட பிழை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது, அதனால் நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளே தலையை ஆட்டிவிட்டாள். பட்டியலில் ஒவ்வொரு பெயராகச் சாம்பலானது. சந்தேகப்பட்ட மனைவிமார் ஒவ்வொருவராக அசடு வழிந்தார்கள்.

அண்ணன் பெயரைத் தேடிப் போனேன். அதுவும் அணைந்திருக்கும், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பச்சை.

திரும்பத் திறந்தேன். பச்சை. அம்மா இன்று எதுவும் எழுதவில்லை, போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். என் திருத்தத்தை வரி வரியாகப் பார்த்தேன், ஒரு ஓட்டை இல்லை. எங்கள் நிர்வாகப் பலகையில் அம்மாவின் செய்திகளுக்குக் கீழே ‘படித்துவிட்டார்’ என்று இருக்கிறது. ஆபரேஷன் செய்திக்கும்! அப்படியென்றால்... அவனேதான்! அண்ணன்தான்!

"அம்மா, கோளாறை எடுத்தாச்சு. இப்ப தெரியறது நிஜம். படிச்சிட்டான்மா. நான் பொறுப்பு."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

ஆபரேஷனுக்குப் போகவில்லை. "படிச்சவன் பதில் போடாமலா இருப்பான்? கொஞ்சம் பொறு." நானும் சரி என்றேன். டாக்டருக்குப் போன் செய்து தேதியை மாற்றியது நான்தான்.

மார்ச் 17, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

சாப்பாட்டு நேரம். பூதக்கண்ணாடி டப்பாவைத் திறந்துகொண்டே கதை சொன்னாள். "அக்கா, பாவம் யாரோ ஒரு அம்மா. மகனுக்கு எழுதிக்கிட்டே இருக்காங்க. கண் ஆபரேஷன் பண்ணிக்கவான்னு கேக்கறாங்க. அந்தப் பய ஒரு பதில் போடலக்கா. கல்லு மனசு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் கணக்குக்குள்ள போய்த்தானே பச்சைப் புள்ளியை டெஸ்ட் பண்றேன். ஆள் எட்டியே பாக்கறதில்ல, ஆனா செய்தி மட்டும் வந்துட்டே இருக்கு. யாருக்கும் தொந்தரவு இல்லாம டெஸ்ட் பண்ண வாகா இருந்துச்சு."

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டேன்.

உறுப்பினர் கண்ணுக்குத் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, அவராகவே உள்ளே நுழைகிற வசதி எங்களுக்கு உண்டு. தினம் செய்கிற வேலை. நுழைந்தால் அவர் பெயர் பச்சையாகும். செய்தியைத் திறந்தால் படித்துவிட்டதாக விழும். இது எனக்குத் தெரியாதா? எனக்குத்தானே முதலில் தோன்றியிருக்க வேண்டும்! அண்ணன் என்றதும் மூளை எங்கே போய்த் தொலைந்தது?

அவளைத் திட்டவும் முடியாது. கணக்கில் அண்ணன் வைத்திருப்பது கப்பலில் கூப்பிடுகிற பட்டப்பெயர். அம்மா வைத்திருப்பது ‘பெரியவன் அம்மா’. யார் வீட்டுப் பெரியவன் என்று அவள் என்ன கண்டாள்? "அது எங்கம்மாதான்" என்றேன். டப்பாவை மூடிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைத் தேற்றும்படி ஆனது. நல்லா இருக்குடி உன் பொழைப்பு.

மார்ச் 18, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஒரு செய்தி படிக்கப்படாமல் ஒரு நாள் கிடந்தால், தளம் அதை அப்படியே அவர் மெயிலுக்கு அனுப்பிவைக்கும். அது தளத்தின் பெயரில் போவதால், என் மெயிலைத் தடுத்தவனுக்கும் போய்ச் சேரும். இரண்டு வருடமாக அம்மா எழுதியது ஒவ்வொன்றும் அப்படிப் போயிருக்கிறது. ஒருவேளை அதையாவது படித்திருப்பான். ஆனால் ஆபரேஷன் பற்றி எழுதியதை ஒரு நாள் ஆவதற்குள் நாங்கள் திறந்துவிட்டோம். படித்தாயிற்று என்று தளம் நினைத்துக்கொண்டது. மெயில் போகவே இல்லை.

அவனைத் திரும்பவும் கேட்காமல் விட்டிருக்கிறோம். அதே தப்பு. ஐயோ, அதே தப்பு.

எல்லாவற்றையும் ‘படிக்கவில்லை’ என்று மாற்றிவைத்தேன். நாளைக்கு மெயில் போகும். அம்மா போனிலும் ‘படித்துவிட்டார்’ மறைந்துபோகும். ஆகவே அவளிடம் சொல்லியாக வேண்டும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். முழுவதும். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ நான் எழுதினதெல்லாம் அந்தப் பொண்ணுதான் படிச்சிருக்கா."

"ஆமாம்மா."

"அவளாச்சும் படிச்சாளே."

கத்தியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அடுக்கிய துணியை அலமாரியில் வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட தேதி கேளு, போயிட்டு வந்துடலாம்" என்றாள். பெரியவன் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

எந்தக் கணக்குக்குள் யார் நுழைந்தாலும், உறுப்பினரே வந்தாலும், தானாகவே குறித்துவைக்கிற ஒரு பக்கத்தை எழுதி, எங்கள் நிர்வாகப் பலகையில் சேர்த்தேன். இனி யாரும் சத்தமில்லாமல் அடுத்தவர் கணக்குக்குள் போக முடியாது. மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே" என்றார். ஆமாம் சார். பண்ணியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. பூதக்கண்ணாடி லீவு போட்டுவிட்டு வந்து வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகுமுன் அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "நீதானாம்மா அது? என் கையெழுத்து... எழுத்துப்பிழை நிறைய இருந்திருக்குமே" என்றாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை இல்லை என்று தலையை ஆட்டியது.

மார்ச் 28, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலை ஓரத்தில் ஆட்டினார். தெரியவில்லை. நேரே ஆட்டினார். தெரிகிறது.

"நேர்ப் பார்வை நிக்கும். ஓரம் போயிடுச்சு, அது வராது. முதல்ல குடுத்த தேதிக்கே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டு நடக்கிறாள். "நேரா பாத்துப் போனா சரியாப் போச்சு" என்கிறாள். போனைத் தொடுவதில்லை. சார்ஜ் போய் அணைந்து கிடக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் சாம்பல். பெரிய கம்பெனியிலிருந்து பதில்: உங்கள் புகார் இன்னும் வரிசையில் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் நிர்வாகப் பலகையில் வேறு எதையோ தேடிப் போனவள் பார்த்தேன். அம்மாவின் செய்திகள் அத்தனைக்கும் கீழே ‘படித்துவிட்டார்’.

முதலில் கோபம்தான் வந்தது. இன்று வீட்டிலிருக்கும் பூதக்கண்ணாடியைப் போனில் பிடித்தேன். "மறுபடி உள்ள போனியா?"

"ஐயோ சத்தியமா இல்லக்கா. அன்னிலேர்ந்து அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல."

நான் எழுதிய பக்கத்தைத் திறந்தேன். மேனேஜர் நுழையவில்லை, அவள் நுழையவில்லை, நான் நுழையவில்லை. காலையில் ஏதோ ஒரு துறைமுகத்துப் பக்கத்திலிருந்து உறுப்பினர் தன் சொந்தக் கடவுச்சொல்லைப் போட்டு வந்திருக்கிறார். எல்லாச் செய்தியையும் திறந்திருக்கிறார். ரொம்ப நேரம் இருந்திருக்கிறார். ஒன்றும் எழுதாமல் போயிருக்கிறார்.

அண்ணன்.

மேனேஜரிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா, அவன் வந்தான். எல்லாத்தையும் படிச்சிட்டான். இந்தத் தடவை நிஜமா."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"போதும்டி. நான்தான் அழலையே. எதுக்கு ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிக்கறீங்க?"

"நாங்க இல்லம்மா! அவ இல்ல, நான் இல்ல. இதோ பாரு, யாரு நுழைஞ்சாலும் இதுல விழும். எங்க ஆபீஸ்ல யாருமே நுழையல. அவன்தான், அவனேதான்!"

மடிக்கணினியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஓரம் தெரியாததால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, பொறுமையாக எல்லா வரியையும் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்தை யாரு எழுதினது?"

"நான்தான்."

"ம்" என்றாள். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்பதுபோல, என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "மருந்து விடற நேரம் ஆச்சு பாரு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணைத் திறந்து காட்டினாள். விட்டேன்.