நான் அச்சேத்தாத ஆறு வரி

டாலிவர், அலபாமா
1974 பிப்ரவரி 11, திங்கள்

என் கண்ணு ஆல்தியாவுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமா இருக்கணும்னு தினமும் முழங்கால் போட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நான் இங்க உயிரோட இருக்கேன், சுகம்னு எழுதினா பொய் சொன்ன மாதிரி ஆகும். உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு, பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. பேரனுக்கு இருமல் இன்னும் நிக்கலைன்னு எழுதியிருந்தே, அந்த சியாட்டில் மழையில தலையை நனைய விடாதே, நெஞ்சுக்குக் கற்பூரத் தைலம் தடவி கம்பளித் துணி சுத்தி விடு, டாக்டர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், நீ அதுலதான் வளர்ந்தே. பின்வாசல் கூரை ஒழுகுது. நம்ம பர்டெல் வந்து தார் பூசினான், உங்கப்பா காலத்துலேர்ந்து நம்ம அச்சகத்துல எழுத்து வார்க்கிறவன், இன்னைக்கு என்கூடப் பேசறதுக்கு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான். ஏன்னு கேப்பே. சொல்றேன், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் எழுதலை.

நான் திங்கட்கிழமை தவறாம கோர்ட்டு வாசல் பலகைக்குப் போய் அறிவிப்பையெல்லாம் கையால எழுதிட்டு வந்து நம்ம லாந்தர் பேப்பர்ல மூணாம் பக்கத்துல போடறது உனக்குத் தெரியும். பெரிய தினசரியிலயும் அது பொடி எழுத்துல வரும்தான், ஆனா அறுபது வருஷமா நம்ம கல்யாணத்தையும் சாவையும் போட மனசு வராத வெள்ளைக்காரன் பேப்பரை நம்ம தெருவுல எவன் காசு கொடுத்து வாங்கறான். நம்ம கறுப்பு ஜனங்களுக்கு லாந்தர்ல வந்தாத்தான் சேதி. போன மாசம் பதினாலாம் தேதி பலகையில ஆறு வரி ஒட்டியிருந்தான். மில் தெருவுக்குப் பின்னாடி இருக்கிற நம்ம கல்லறைத் தோட்டத்து வழியா புது ரோடு போகப் போகுது, ஆட்சேபணை இருக்கிறவங்க இருபத்திரண்டாம் தேதி செவ்வாய் காலை பத்து மணிக்கு நேர்ல வந்து சொல்லணும், அதுக்கப்புறம் கேக்கறதில்லைன்னு. இடத்துக்குச் சொந்தக்கார சபை சம்மதிச்சாச்சுன்னு கடைசி வரி. எந்த சபைங்கறே, நம்ம நேபோ மலை சபைதான். கையெழுத்து நம்ம பாஸ்டர் லெமுவேல்.

அந்த ஆறு வரியையும் எழுதிக்கிட்டேன். ஓடி வந்து பர்டெல்கிட்ட கொடுத்தேன், அன்னைக்கே ஈயத்துல வார்த்து வச்சுட்டான். புதன்கிழமை பாஸ்டர் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறார். அந்த ஞாயிறு சபைக்கு நூறாவது ஆண்டு விழா. உங்கப்பா வச்ச சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆண்டு விழா வாரத்துல சபையைப் பத்தி வாழ்த்தைத் தவிர ஒரு வார்த்தை லாந்தர்ல வரக்கூடாது. ரவுடிங்க நம்ம அச்சகத்தை அடிச்சு நொறுக்கினப்போ அச்சு இயந்திரத்தைத் தன் நிலவறையில ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினது அந்த சபைதானே, அந்த நன்றிக்கு அவர் வச்ச மரியாதை அது, அவர் போனப்புறமும் நான் மீறினதில்லை. பாஸ்டர் சொன்னார், சிஸ்டர் மொசெல், நூறு வருஷம் ஒரு தடவைதான் வரும், சிகாகோ டெட்ராய்ட்லேர்ந்தெல்லாம் பிள்ளைங்க வர்றாங்க, விருந்துல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க, நல்ல இடமா மாத்தித் தர்றதா ரோடு போடற ஆபீசுல வாக்குக் கொடுத்திருக்காங்க, ஞாயித்துக்கிழமை மேடையிலேர்ந்து நானே சொல்லிடறேன், கேக்க வேண்டியவங்க எல்லாரும் அங்கதானே இருக்கப் போறாங்கன்னு. நான் நம்பினேன். அந்த ஆறு வரியை எடுத்துடுன்னு பர்டெல்கிட்ட சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான், எடிட்டரம்மா, அய்யா இருந்தா இதைச் செய்வாராங்கறான். இது அய்யா போட்ட சட்டம்தாண்டான்னு அவன் மேல எரிஞ்சு விழுந்தேன். அந்த இடத்துல பூ வளையம் போட்டு வாழ்த்து வந்துச்சு, பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, நாசமாப் போக.

ஞாயித்துக்கிழமை மூணு பாடகர் குழு, கோழி வறுவல், எலுமிச்சை கேக்கு, எல்லாத் தலையிலயும் புதுத் தொப்பி. பாஸ்டர் ஒண்ணரை மணி நேரம் பேசினார், கல்லறைங்கற பேச்சே எடுக்கலை. நான் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு முன்வரிசையில பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தியிருக்கலாமே ஆல்தியா, எனக்கு வாயில்லையா? வாசல்ல அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக் கேட்டேன், இத்தனை சந்தோஷமான முகத்தைப் பார்த்து நா எழலை சிஸ்டர்ங்கறார். மறுநாள் பூரா வீடு வீடா நடந்தேன், எல்லாரும் மில்லுலயும் அடுத்தவங்க சமையல்கட்டுலயும் வேலைக்குப் போயிட்டாங்க, ஒரு நாள் முன்னாடி சொன்னா எவன் லீவு கொடுப்பான். செவ்வாய் காலையில கிழடுங்க அஞ்சு பேரோட கோர்ட்டுல போய் நின்னேன். ஊரே எதிர்க்குதுன்னு சொன்னேன். மேஜைக்குப் பின்னாடி இருந்தவன் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துட்டு, ஊர் எங்கம்மான்னு கேட்டான். முத்திரை குத்திட்டான்.

அந்த வியாழக்கிழமை, நான் அந்த ஆறு வரியை எடுத்தது உள்பட நடந்ததையெல்லாம் என் பேரைப் போட்டு முதல் பக்கத்துல அச்சடிச்சேன். அதுக்கப்புறம் ஊர் என்கிட்ட பேசலை. ஆர்டெல்லாவோட அழகு நிலையத்துல வாராவாரம் லாந்தரை ஒருத்தி சத்தமா வாசிக்க மத்தவங்க கேப்பாங்க இல்லையா, இப்ப கட்டுப் பிரிக்காம அப்படியே திருப்பி அனுப்பிடறா. அம்பது வருஷ சிநேகிதி, வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா, ஏண்டி மொசெல், வெள்ளைக்காரன் பேப்பர் நம்மகிட்ட மறைக்கும்னு தெரிஞ்சுதானேடி உன் பேப்பரை வாங்கினோம்னு. செருப்பால அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது. பாஸ்டர் மேடையில அழுதார், அவரை மன்னிச்சுட்டாங்க, ஆமென் போடறாங்க. என்னை மன்னிக்கலை, அது நியாயம்தான்னு எனக்கே தோணுது. லாந்தரை மூடிடலாம்னு நினைக்கிறேன், இதுல உன்கிட்ட யோசனை கேக்கலை, சொல்லிட்டேன்.

மார்ச் நாலாம் தேதி தோண்ட ஆரம்பிக்கிறாங்க. கல்லுல பேர் இருக்கிறவங்களைப் பேரோட எடுத்து ஆத்துக்கு அந்தாண்டை வைப்பாங்களாம், உங்கப்பாவுக்குக் கல் இருக்கு, அவர் தப்பிச்சார். மத்தவங்களுக்கு ஒரு நம்பர், எல்லாரும் ஒரே குழியில. பாதிப் பேருக்கு எங்க கண்ணு கல் இருக்கு, நட்ட மரச் சிலுவை உளுத்துப் போச்சு, அடையாளத்துக்கு அவங்க குழி மேல வச்ச சிப்பியும் கோப்பையும் மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஆனா உங்கப்பா ஒவ்வொரு சாவுச் செய்தியிலயும் கடைசி வரியில இடத்தை எழுதுவார், தேவதாரு மரத்துக்குத் தெற்கே, தன் தாய்க்கு இடப்பக்கம்னு, கல் வைக்க வழியில்லாதவங்களுக்கு இந்த வரிதான் கல்லுன்னு சொல்லுவார். இப்ப ஜனங்க லாந்தர் ஆபீசுக்கு வர்றாங்க. என் முகத்தைப் பார்க்கறதில்லை, பழைய தொகுப்பைப் புரட்டி அந்த வரியை எழுதிக்கிட்டுப் போயிடறாங்க. நானும் பர்டெலும் யார் எந்த இடத்துலன்னு பெரிய தாள்ல வரைபடம் போடறோம், இதுவரைக்கும் இருநூத்துப் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடிச்சுட்டோம். அதனால ஒண்ணும் மாறப் போறதில்லை, நிலம் போனது போனதுதான், கூடப் போற பேராவது மிஞ்சட்டும்.

இப்ப உன்கிட்ட கேக்க வேண்டியதுக்கு வர்றேன். 1939 நவம்பர் தொகுப்பை நான் கடைசியாத்தான் எடுத்தேன், எடுக்கப் பயமா இருந்துச்சு. உன் தம்பி ஆமோஸ், எட்டு நாள் இருந்தான். உங்கப்பா நாலு வரி எழுதியிருக்கார், பேர், பிறந்த நாள், போன நாள், எங்க ரெண்டு பேர் பேர். கடைசி வரி இல்லை. ஊருக்கெல்லாம் எழுதின மனுஷனுக்குத் தன் பிள்ளைக்கு எழுதக் கை வரலை. நான் அப்ப பிள்ளை பெத்த காய்ச்சல்ல படுத்திருந்தேன். அப்புறமும் அவர் தனியாத்தான் போயிட்டு வருவார், கூட வரவான்னு நான் கேக்கலை, அவரும் கூப்பிடலை, அப்படியே அவரும் போய்ச் சேர்ந்தார். ஆமோஸைப் புதைச்ச அன்னைக்கு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனது நீதான். உனக்கு ஏழு வயசு. புதுச் செருப்புல செம்மண்ணை அப்பிக்கிட்டு வந்தேன்னு நான் உன்னைத் திட்டினேன், அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. எங்க கண்ணு நின்னே? வேலி பக்கமா, ஓடைப் பக்கமா? மரம் ஏதாவது இருந்துச்சா? மாப்பிள்ளையும் பேரனும் வெளிய போனப்புறம் கண்ணை மூடி உட்கார்ந்து யோசிச்சுப் பாரு.

கர்த்தர் உங்க மூணு பேரையும் தன் கைக்குள்ள வச்சுக் காக்கட்டும். மாப்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லு. பேரன் நெஞ்சுல துணி சுத்த மறக்காதே. மார்ச் நாலுக்கு முன்னாடி என் கையில கிடைக்கிற மாதிரி எழுது. ஞாபகம் இல்லைன்னாலும் எழுது, இடம் தெரியாதவங்களோட நான் அவனை நம்பர்ல சேர்க்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மொசெல்