பழைய நம்பருக்கு உன் கையெழுத்து

ஜார்ஜ்டவுன், பினாங்கு.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், வீட்டில் பேச்சுதான் குறைந்துபோயிருக்கிறது, அது ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஹரீஷும் ஆக்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உறை மேல் இருக்கிற ஆங்கில விலாசத்தைக் குமுதா டீச்சர் எழுதினார், உள்ளே இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது. கோவில் மண்டபத்தில் அவர் நடத்துகிற எழுத்து வகுப்புக்கு என்னை அனுப்பிவைத்தது நீதான், சும்மா போய் உட்காருங்கப்பா என்று சொன்னாய். உட்கார்ந்தேன். இப்போது அர்ச்சனைச் சீட்டு, பலகாரக் கடைப் பலகை, அரிசி மூட்டையில் போட்டிருக்கிற பேர் எல்லாம் நானே படிக்கிறேன். எழுதுவதுதான் மெதுவாகப் போகிறது, ழ வந்தால் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. கைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் நீ சரிப்பா, சரிப்பா, மீட்டிங் இருக்குப்பா என்று வைத்துவிடுவாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு இந்த உறைக்குள் ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறது, நீ அதில் கையெழுத்துப் போட வேண்டும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே.

விஷயம் நம் வீட்டுப் போன். அது என்ன நம்பர் என்று உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு யார் செத்தது என்று கேட்பாய். பத்து காவான் ஊரில் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை எடுத்துத் தொழிற்சாலை கட்டியபோது ஆட்கள் பட்டர்வொர்த், கெப்பாலா பத்தாஸ் என்று மூலைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள், அப்போது போன் வைத்திருந்தது நாம் மட்டும்தான். அதனால் ஒரு வீட்டில் சாவு என்றால் நம் நம்பருக்குச் சொல்வார்கள், அம்மா மற்ற எல்லாருக்கும் சொல்லுவாள். இன்றைக்கு எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது, ஆனாலும் பழக்கம் மாறவில்லை. உன் அம்மா வடிவம்மாள் சொன்னால்தான் அது செய்தி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அத்தனை பேர் நம்பரையும் தலைக்குள் வைத்திருக்கிறாள், அவர்கள் தலையில் இருப்பது நம்முடைய ஒரே நம்பர். வெறும் பேச்சுக்கு அவள் அந்தப் போனைத் தொடமாட்டாள், வேறு யாராவது சொல்ல முயலும்போது லைன் பிஸியாக இருந்தால் பாவம் என்பாள்.

அந்த நம்பரை நான் தொலைத்துவிட்டேன். எப்படித் தொலைத்தேன் என்று கேள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு சாந்தினி என்று ஒரு பெண் வேறு போன் கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் பிளாட்டில் வீடு வீடாக வந்தாள். வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டாள். நீ போன பிறகு அந்த வாசலில் நின்று என்னை யாரும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. கையில் ஒரு தாள் கொடுத்தாள். தமிழ்த் தாள்! இத்தனை வருஷம் எனக்கு வந்த தாள் எல்லாம் யாராவது படித்துச் சொன்னால்தான். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். மாதக் கட்டணம் பாதி. இன்டர்நெட் வேகம் இரண்டு மடங்கு. வீட்டுத் தொலைபேசி இலவசம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மேலே இருந்த பெரிய எழுத்தைப் படித்து முடிக்கவே நேரம் போய்விட்டது, கீழே எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்து நிறைய இருந்தது, நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் பேனாவை நீட்டிவிட்டாள். பேனா நீட்டினால் எனக்கு இப்போது கை தானாகப் போகிறது. தங்கராஜு என்று முழுப் பேரையும் எழுதினேன். அழகா எழுதுறீங்கப்பா என்றாள். அதே நம்பர்தானே வரும் என்று கேட்டேன். போன் வரும்பா, கவலைப்படாதீங்க லா என்றாள். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறு ஒன்று, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன் வந்தது, வேறு நம்பரில். இதற்கு முன்னால் அந்த நம்பரை ஒரு மீன்காரர் வைத்திருந்தாராம், விடியற்காலையில் யாராவது கூப்பிட்டு இன்றைக்கு வாவல் மீன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் மீன்காரன் இல்லை என்று சொன்னால் அப்படியானால் இறால் இருக்கிறதா என்கிறார்கள். இன்டர்நெட் வேகம்தான், ஆனால் மழை பெய்தால் அதுவும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது. பழைய நம்பரை இந்தப் புதுப் பெட்டிக்கு மாற்றித் தாருங்கள் என்று பழைய கம்பெனியின் கவுண்டருக்குப் போய்க் கேட்டேன். முடியாது, வேண்டாம் என்றால் நிறுத்தலாம், ஆனால் நிறுத்தக் கணக்குக்காரர் வர வேண்டும் என்றார்கள். நான்தான் வந்திருக்கிறேனே என்றேன். கணக்கு தனுஜா பேரில் இருக்கிறது என்றார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ காலேஜ் படிக்கும்போது இன்டர்நெட் போட வந்தவன் கையெழுத்துக் கேட்டான், அவன் முன்னால் கட்டை விரலை மையில் வைக்கக் கூச்சப்பட்டு உன்னைப் போடச் சொன்னேன். சரி என்று சாந்தினிக்குப் போன் செய்து கேட்டேன். கட்டாமல் விடுங்கப்பா, நம்பர் அது பாட்டுக்குக் கிடக்கும் என்றாள். கட்டாமல் விட்டேன். பில் கட்டாமலே பழைய போனும் உயிரோடு இருந்தது, ரிசீவரை எடுத்தால் ஊ என்று சத்தம் வந்தது. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஜபருல்லாவிடம், பார்த்தீர்களா பாய், காசு கட்டாமலே ஓட்டுகிறேன் என்று பெருமையடித்தேன். ஒருநாள் அந்த ஊ நின்றுபோனது, என்றைக்கு என்று எங்களுக்குத் தெரியாது. போன் அடிக்கவில்லையே என்று நாங்கள் கவலைப்படவில்லை. அடிக்கவில்லை என்றால் யாரும் சாகவில்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஓ என்று அழுகைச் சத்தம். எதிர் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தால், நம் வீட்டுக்குள் நம் தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் நிறைய நிற்கிறார்கள். பட்டர்வொர்த் மாரிக்கண்ணு அக்கா உன் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போயிட்டாரே, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே என்று ஒப்பாரி வைக்கிறார், அம்மா யார் போனது என்று தெரியாமல் கூடவே அழுகிறாள். ஒருவர் கையில் ரோஜா மாலை, இன்னொருவர் கையில் கோடி வேட்டி. என்னைப் பார்த்ததும் மாரிக்கண்ணு அக்காவின் அழுகை அப்படியே நின்றது. நின்ற வேகத்தில் ஏச ஆரம்பித்தார். ஏன்யா, உசுரோட இருக்குற மனுசன் போன எடுக்க மாட்டீரா, வேன் வாடகையை யாரு குடுக்குறது என்றார். போன் அடித்தால் எடுக்காமல் விடுகிற வீடு இல்லை நம் வீடு, அது செத்துக் கிடக்கிறது என்றால் நான்தான் செத்திருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், நமக்கு ஒன்று என்றால் கடல் பாலம் தாண்டி இத்தனை பேர் வருவார்கள் என்று கண்ணால் பார்க்க யாருக்குக் கொடுத்துவைக்கிறது. காப்பி கலக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் மாரிக்கண்ணு அக்கா, சரி, உங்களுக்கு ஒண்ணுமில்ல, அப்ப வீராயிய எடுத்ததுக்கு ஏன் வரல என்று கேட்டார்.

வீராயி போய்விட்டாள் மகளே. கெப்பாலா பத்தாஸில் மகன் புவனேஸ்வரன் வீட்டில், தூக்கத்திலேயே. அந்தப் பையன் முதலில் கூப்பிட்டது நம் நம்பரைத்தான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். அத்தைக்குச் சொன்னால் எல்லாருக்கும் போய்விடும் என்று வேறு யாருக்கும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறான். கடைசியில் வீட்டு ஆட்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மட்டும் நின்று எடுத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மாரிக்கண்ணு அக்காவைத் தேடிப் பிடித்து, தங்கராஜு மாமா வீட்டில் என்ன ஆச்சு என்று பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். வீராயியும் உன் அம்மாவும் ஒரே நிரையில் நின்று களை எடுத்தவர்கள், கல்யாணம் ஆகி வந்த புதிதில் அம்மாவுக்குத் தோட்டத்தில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். மழையில் மருத்துவச்சி வர முடியாமல் போன அன்றைக்கு உன்னை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான், இது உனக்கு நூறு தடவை சொன்ன கதை. அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். மொகத்தப் பாக்க விடாம பண்ணிட்டீங்களே என்று சொன்னாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இன்றுவரை சாப்பாடு வைக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், பேச்சு இல்லை.

அன்றைக்கே அதே வேனில் நாங்களும் ஏறி கெப்பாலா பத்தாஸ் போனோம். எனக்கு வாங்கி வந்த மாலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வீராயியின் படத்துக்கு அவளே போட்டாள். கோடி வேட்டியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, இருக்கட்டும், இவருக்குப் பிறகு ஆகும் என்று மாரிக்கண்ணு அக்கா திருப்பி எடுத்துப் போய்விட்டார். ஜபருல்லாவிடம் வந்து இதையெல்லாம் சொன்னேன். அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, படிக்காத காலத்துல உங்கள ஒருத்தனாலயும் ஏமாத்த முடியல அண்ணே, எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் மக வரட்டும்னு சொல்லுவீங்க, இப்ப படிச்சீங்க, போச்சு என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு. சாந்தினிக்கு மறுபடியும் போன் செய்தேன். அவள் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாளாம், இப்போது தண்ணீர் வடிகட்டி விற்கிறாளாம், அப்பா உங்களுக்கு ஒண்ணு போடட்டுமா என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

பழைய கம்பெனிக்கு மறுபடி போனேன். இங்கே ஆகாது, கணக்கு முதலில் பட்டர்வொர்த்தில் திறந்தது, அங்கே போங்கள் என்றார்கள். ஃபெரி ஏறிப் போனால் அங்கே கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் ஐனா என்று ஒரு மலாய்ப் பெண் இருந்தாள், நல்ல பெண், சபார் பக்சிக், சபார், பொறுங்கள் பெரியவரே என்று மலாயில் சொல்லி நாற்காலி போட்டாள். பாக்கியைக் கட்டினால் நம்பரைத் திரும்பக் கொடுக்கலாம், ஆனால் கணக்குக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றாள். பார் மகளே, நிறுத்த உன் கையெழுத்து வேண்டும், திரும்பக் கொடுக்க உன் கையெழுத்து வேண்டும், அறுத்துவிட மட்டும் யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. இதை அவளிடம் மலாயில் சொன்னேன், அவளும் தலையை ஆட்டினாள், ஆனால் பாரத்தைத்தான் நீட்டினாள். படம் பிடித்து அனுப்பினால் செல்லாதாம், நீ போட்ட தாளே வர வேண்டுமாம். அடுத்த மாதக் கடைசி வரைக்கும் நம்பரை வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மீன்காரர் நம்பர் நமக்கு வந்த மாதிரி நம் நம்பர் எவனுக்கோ போகும், நம் ஆட்களில் ஒருவர் போய்விட்டால் அந்தச் செய்தி எவன் வீட்டிலோ போய் அடிக்கும், அவன் தவறான நம்பர் என்று வைத்துவிடுவான்.

ஆகையால் பாரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிற இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடு. முதல் இடம் நம்பரைத் திரும்பக் கேட்பதற்கு. இரண்டாவது கணக்கை உன் பேரிலிருந்து என் பேருக்கு மாற்றுவதற்கு, அது நானாகக் கேட்டு வாங்கியது. உனக்கு அங்கே ஆயிரம் வேலை, இனி இந்த வீட்டுக்கு வேண்டிய கையெழுத்தை நானே போட்டுக்கொள்வேன், குமுதா டீச்சரை வைத்துச் சின்ன எழுத்தையும் படித்த பிறகுதான் போடுவேன். உன் ஐசி, அதுதான் அடையாள அட்டை, அதன் நகலைக் கூட வைக்க மறக்காதே. புதுக் கம்பெனிக்கும் இரண்டு வருஷம் கட்டித்தான் ஆக வேண்டுமாம், அதுவும் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருந்திருக்கிறது. மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு கம்பெனிக்கும் கட்டப்போகிறேன், இதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அவர் கணக்குப் போடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹரீஷுக்குக் காதில் குளிர் படாமல் தொப்பி போடு. இந்தக் கடிதத்தை எழுதுவதை அம்மா மூன்று நாளாகத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் பழைய போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இன்றைக்கு, உன் பங்குக்கு என்ன எழுதட்டும் என்று நானே அவளிடம் போய்க் கேட்டேன். கையில் இருந்த ரிசீவரை வைத்தாள். பிறகு சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: சீக்கிரம் போட்டு அனுப்பச் சொல்லுங்க, நம்பர் மட்டும் வந்தா போதுமா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்க எந்த நம்பரைத் தெரிஞ்சு யாருக்குச் சொல்லுவீங்க. சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது ஒவ்வொரு பேராக, நம்பராகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உனக்கு எழுதி முடித்ததும் அதை எழுதப்போகிறேன். முதலில் புவனேஸ்வரன் பேர்.

நீயும் உன் குடும்பமும் நிறைவாக வாழ எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. தபாலில் போடும்போது பதிவுத் தபாலில் போடு.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா
தங்கராஜு