வாசலை அடைத்த கதையும் என் முழங்காலும்

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் தங்கை நலம், அவளுக்கு உன்மேல் இருக்கும் கோபம் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அந்தக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மிஷின் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரை நகத்தைக் கடிப்பாய். உங்கள் ஆபீஸ்காரர்கள் மாதிரி ஆட்கள் வெளிநாட்டுப் பணத்தை இங்கே கொண்டுவந்து கொட்டியபோது செல்போன் கம்பெனி புதுக் கட்டடம் எழுப்புகிறேன் என்றது, அதற்குப் பெட்டி செய்து கொடுக்க உன் தங்கை பட்டறைக்கு அட்டை வெட்டும் பெரிய மிஷினை வாங்கினாள், பேங்க் மேனேஜர் வீடு தேடி வந்து "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோம்மா" என்று கடனை ஊட்டியே விட்டார். அன்றைக்கு அவர் பிஸ்கட் தட்டைக் காலி செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு எங்கோ தூர தேசத்தில் வட்டி ஏறியதாம், நீங்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினீர்கள். நம் காசின் மதிப்பு விழுந்தது, கம்பெனி கட்டடத்தை இடுப்பளவில் நிறுத்திவிட்டுப் பெட்டியே வேண்டாம் என்றது. அதே மேனேஜர் போன வாரம் லாரி, கயிறு, ஆட்கள் சகிதம் வந்து மிஷினைத் தூக்கச் சொன்னார். அது போனால் உன் தங்கைக்குப் பட்டறையே இல்லை.

மிஷின் வந்த அன்று முன்சுவரை இடித்துத்தான் உள்ளே தள்ளினோம். அந்த வாசல் ஆவென்று திறந்து கிடக்கவும் பக்கத்து வீட்டுக்காரன் மழைக்குத் தன் பைக்கை உள்ளே நிறுத்த ஆரம்பித்தான். நீ ஐந்தாவது படிக்கும்போது உன் பந்தைத் திருப்பித் தராதவன், அவனுக்கு நம் கூரை எதற்கு? உன் தங்கை வெளியூர் போன சமயம் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஓர் ஆள் நுழையும் அளவு விட்டு மீதியை அடைத்துவிட்டேன். திரும்பி வந்தவள் தலையில் கைவைத்துக்கொண்டு "இனிமே மிஷினை எப்படிம்மா வெளிய எடுக்கிறது?" என்று கத்தினாள். "எதுக்குடி எடுக்கணும்?" என்றேன். வந்த ஆட்கள் நேராக, பக்கவாட்டில், சாய்த்து என்று எல்லா விதமாகவும் பார்த்தார்கள். மிஷின் அசைந்தது, வாசல் அசையவில்லை. சுவரை இடிங்கடா என்றார் மேனேஜர். "கடன் மிஷின் மேலதான் சார், சுவர் என் பேர்ல இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றேன். வியர்த்துப் போய் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், பிஸ்கட் கொடுக்கவில்லை. ஊரில் பாதிப் பட்டறை மிஷின்கள் விலைக்குக் கிடக்கின்றன, இதையும் கொண்டுபோய் யார் தலையில் கட்டுவார்? டீ ஆறுவதற்குள் கடனைக் கட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்துவிட்டார். தங்கை இப்போது மருந்துக்கடைக்குச் சின்னப் பெட்டி வெட்டுகிறாள். இந்த நாட்டு வாசலையும் அந்தக் கொத்தனாரிடம் விட்டிருந்தால் உங்கள் பணம் இவ்வளவு சுலபமாக வெளியே போயிருக்காது.

பணத்தை எடுக்கப் போவது முன்பே தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம் என்றாய், சரி. ஆனால் பணம் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேட்காதவன்! எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

தங்கைக்கு நீயே முதலில் போன் செய், திட்டினால் வாங்கிக்கொள். பேத்தியின் கன்னத்தை எனக்காக ஒருமுறை கிள்ளு. மூவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை, இனி என் முழங்காலைச் சும்மா விசாரிக்காதே. நீ கேட்ட மறுநிமிடம் கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
முழங்கால் கல்லு மாதிரி இருக்கிற
உன் அம்மா