சொல்லாத ஒன்பது வருஷம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குப் பதினேழு ஸ்கேன் ரிப்போர்ட் டைப் அடித்தேன். பதினாறில் "இதயத் துடிப்பு உள்ளது." ஒன்றில் "இல்லை." என்னைப் படுத்துவது அந்தப் பதினாறும்தான். என் அறைக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. டாக்டர் மெஷினில் துடிப்புச் சத்தத்தைக் கூட்டி வைத்தால், ஈரத்துணியை யாரோ விடாமல் உதறுகிற மாதிரி கேட்கும். நாலு வருஷமாகக் கேட்கிறேன். வேறு வேலை கிடைக்காமலா இங்கேயே கிடக்கிறேன்?

மார்ச் 8, ஞாயிறு

லீவு. பாத்திரம் கழுவும்போது அந்தச் சத்தம். குழாயை மூடினேன். நிற்கவில்லை. அக்கா "என்னடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் வீட்டில் அதிகம் புழங்குகிற வார்த்தை அதுதான்.

ஆண்டவரே என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மார்ச் 21, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே.

ஒன்பது வருஷம் முன்னால். என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒன்றரை மாதம். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவளுடைய ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். வயிற்றில் பதினோரு வாரம். அக்கா சொன்னாள், "நீ ஒண்ணும் யோசிக்காதே. நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொண்டாள். காலையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம், மதியத்துக்குள் வீடு. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — பேசியதில்லை, நானும் அவளும்.

அன்றிலிருந்து மாதா கோயிலில் கடைசி பெஞ்சுதான் எனக்கு. பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்ததே இல்லை. அக்கா கோயிலுக்கே வருவதில்லை.

ஏப்ரல் 4, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதருக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பாதியில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவசரமில்லை என்றார். சொல்லி முடித்து, பெரிய தண்டனையாகக் கொடுங்கள் என்றேன்.

"நான் போலீஸ்காரன் இல்லம்மா" என்றார். "ஒம்போது வருஷமா மன்னிப்புக்கு வரிசையில நிக்கறே. உன் முறை எப்பவோ வந்தாச்சு. வாங்கிட்டு நகரு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே வந்து படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்ததும் பழையபடி அந்தச் சத்தம்.

மன்னிப்பு கிடைத்தால் இது நின்றுபோகும் என்று யார் சொன்னார்கள்? நானாக நினைத்துக்கொண்டது.

ஏப்ரல் 25, சனி

ஒரு டீச்சரம்மா, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கருக்கலைப்புக்கு எதிராகக் கோயிலில் ஒரு குழு நடத்துகிறார். சும்மா இருக்க முடியாமல் போன வாரம் பேர் கொடுத்தேன். இன்றைக்கு ஒரு கிளினிக் வாசலில் ஆறு பேர் நின்றோம். என் கையில் அட்டை: "கொலை செய்யாதே."

பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். இன்னொருத்தி அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் அட்டையைப் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பெண் நான். பிடித்திருந்தவள் அக்கா. உள்ளே போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் டீச்சரம்மா கோபமாக, இரக்கம் வேறு உண்மை வேறு என்றார். எனக்கு ரெண்டும் சேர்ந்தே வேணும் டீச்சர் என்றேன். உயிர் உயிர்தான், அதில் எனக்கு ரெண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அன்றைக்கு என் முன்னால் யாராவது அட்டை பிடித்திருந்தால் நான் திரும்பியிருப்பேனா? மாட்டேன். இன்னும் வேகமாக உள்ளே ஓடியிருப்பேன். யாராவது "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருந்தால்?

ஒருத்தரும் கேட்கலையே. ஒரு ஆள் கேட்கலையே.

மே 6, புதன்

எங்கள் ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண், வாயாடி. எல்லாரையும் கிண்டல் பண்ணுவாள். இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. இன்று மதியம் கூட்டம் ஓய்ந்ததும் டாக்டரிடம் கேட்டு அவளே ஸ்கேனுக்குப் படுத்தாள். ஒன்பது வாரம். ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். என் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இதை டைப் பண்றப்ப உங்களுக்கு ஏதாவது தோணுமா?"

பழைய ஃபைல் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதருக்குப் பிறகு முதல் ஆள் அவள். நான் அழவில்லை, அவள்தான் அழுதாள். காரணமானவன் போனை எடுப்பதில்லையாம். தங்கியிருக்கும் சித்தி வீட்டில், கலைத்துவிடு, இல்லையென்றால் நடையைக் கட்டு என்கிறார்களாம். வேண்டும், வேண்டாம் என்று நான் எதுவும் சொல்லவில்லை. உனக்கு என்ன வேணும் என்று கேட்டேன்.

"இருக்க ஒரு இடம்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டேன். அக்காவைக் கேட்கவே இல்லை.

மே 7, வியாழன்

காலையில் அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள், "உன் பாவத்துக்கு அவளைப் பரிகாரமாக்காதே."

சுருக்கென்றது. உண்மையாகவும் இருக்கலாம். அப்படித்தானோ? அப்படியே இருந்தாலும் அவளுக்கு இடம் வேண்டுமே என்றேன். அக்கா கடைசித் துணியை மடித்து முடித்தாள். பிறகு, ஒன்பது வருஷம் கழித்து —

"அன்னிக்கு நீ உள்ள இருக்கறப்ப நான் வெளிய உக்காந்து பன் தின்னேன்டி. பசிச்சுது. ஒண்ணு தின்னுட்டு இன்னொண்ணும் வாங்கித் தின்னேன். உன்னை உள்ள அனுப்பிட்டு எனக்கு எப்படிடி பசிச்சுது?"

இவளுக்கும் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் பக்கத்துக் கட்டிலில்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அக்கா தன் துணியையெல்லாம் என் அலமாரிக்கு மாற்றி, தன்னுடையதைக் காலி பண்ணி வைத்திருந்தாள்.

மே 10, ஞாயிறு

வாயாடி வந்துவிட்டாள். ஒரு பை, ஒரு தலையணை.

ஜூன் 14, ஞாயிறு

பாதர் கோயில் ஹாலில் பேசச் சொல்லியிருந்தார். போன வாரம் அக்காவிடம் கேட்டேன், நீ வேண்டாம் என்றால் பேசவில்லை, பேசினாலும் உன்னைப் பற்றி வராது என்று. அதற்கு அவள் சொன்னது: "என்னை மட்டும் விட்டுட்டுச் சொல்லாதே. நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லு. பாசத்துலதான் போனேன்னும் சொல்லு."

சொன்னேன். உள்ளே வளர்வது உயிர் என்று சொன்னேன். அதைச் சுமக்கிறவளைத் தனியாக விட்டுவிட்டு அதை மட்டும் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னேன். நடுவில் ஒருவர் எழுந்துபோனார். இன்னொருவர், தன் குழந்தையையே விட்டவள் நமக்குப் புத்தி சொல்வதா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். நியாயமான கேள்விதான். முடிந்ததும் மூன்று பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கைகளின் பிடி இன்னும் கையிலேயே இருக்கிறது.

அக்கா வரவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

இன்றும் அந்தச் சத்தம் கேட்டது. ஓடவில்லை. உட்கார்ந்து கேட்டேன். அதையே ஜெபமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன், ஆண்டவரிடம்.

செப்டம்பர் 26, சனி

குழு இப்போது கிளினிக் வாசலில் நிற்பதில்லை. டீச்சரம்மா அரை மனதோடு ஒத்துக்கொண்டார். கையில் கொடுக்கும் புதுச் சின்ன அட்டையில் என் போன் நம்பரும் "பேசணுமா?" என்ற ஒரு வார்த்தையும்தான். இதுவரை நாலு பேர் கூப்பிட்டார்கள். ஒருத்தி அப்புறம் எடுக்கவே இல்லை. அவளுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

டிசம்பர் 5, சனி

பெண் குழந்தை. காலை ஒன்பதரை. பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றதும் வாயாடி அக்காவைக் கை காட்டினாள். வெளியே வந்த அக்காவின் கையெல்லாம் நகக்கீறல். "என்னா பிடிடி இவளுக்கு" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு பள்ளம் இருந்தது. இருக்கட்டும்.

ஜனவரி 16, சனி

டீச்சரம்மா ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தார். முப்பது வயதிருக்கும். இரண்டு வாரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். அட்டையில் நம்பரை அதற்கு அப்புறம்தான் பார்த்தாளாம். டீச்சரம்மா என்னைத் தனியே இழுத்து, அதட்டிப் பழகிய அந்தக் குரல் உடைந்துபோய்க் கேட்டார், "முடிஞ்சுபோச்சே. இனிமே இவளுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

குழந்தை உள்ளே சிணுங்கியது. அந்தப் பெண் திடுக்கிட்டு, நான் கிளம்பறேன் என்று எழுந்தாள்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். யார் என்ன என்று கேட்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உக்காரும்மா. உன்னை யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"யாருமில்ல. தனியாத்தான் போனேன்."

அக்காவின் முகம் கோணியது. நான் பார்த்தே இராத அழுகை அது, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அந்தப் பெண்தான் அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

நாளைக் காலைப் பூசைக்கு அக்காவும் அந்தப் பெண்ணும் வருகிறார்களாம். தன்னை ஆறு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள் அக்கா.