தாளிக்காத குழம்பு

மதுரை, மேலமாசி வீதி
வெகுதானிய வருஷம், மாசி 3

சிரஞ்சீவி தம்பி வெள்ளைத்துரைக்கு, உன் அக்கா ஜெயக்கொடி ஆசீர்வாதம் சொல்லி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் மருமகள் ஒச்சாயியும் சுகம். உன் மச்சான் சோழவந்தானில் கொடிக்காலோடு குடித்தனம் நடத்துகிறார். வெற்றிலைக்குத் தண்ணீர் பாய்ச்சியது போக நேரமிருந்தால் எங்களையும் நினைப்பார். பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவே மாட்டேன் என்கிறாய். அதை முதலில் எழுது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். பி.காம் படிக்கிற பையன்களைச் சாயங்காலத்தில் கடற்கரைப் பெரிய ஓட்டலுக்கு அனுப்பி, விடுதியை நிர்வாகம் பண்ணுவது எப்படி, ஆட்களை நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார்கள் என்றதும், அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வேட்டியெல்லாம் தெறித்தது. சோறு போடக் கூடவா படிப்பு, பசிச்சவன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா என்கிறார். ஆனால் விருந்தாளி வாய் திறந்து கேட்கும் முன்னே அவன் தேவையைத் தெரிந்துகொள்கிறவன்தான் முதலாளி என்று உன் வாத்தியார் சொன்னதைப் படித்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த வாத்தியாரு நம்ம கடையில சாப்ட்டுருப்பாரோ என்று என்னிடமே கேட்டார். இப்போது நம் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே தன் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்து விடுகிறார்.

நீ சொன்னபடி வெளியூர்க்காரர்கள் தங்குகிற மாடி அறைகளுக்கெல்லாம் வெள்ளை விரிப்பும் துண்டும் வாங்கிப் போட்டு, தினமும் மாற்றுகிறோம். வெளுக்கிற ராமக்காள் என்னைத் திட்டாத நாளில்லை. இம்புட்டுத் துணிய வெளுத்தா வைகையில இருக்கிற கொஞ்சத் தண்ணியும் போயிரும் என்கிறாள். திண்டுக்கல் புகையிலை வியாபாரி ஒருவர், துண்டு நாம் செய்த மரியாதை என்று நினைத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பப் பார்த்தேன். அப்பா விடவில்லை. போறான் விடு, நம்ம பேரச் சொல்லி மூஞ்சியத் துடைக்கட்டும் என்றார்.

இந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தெற்குவாசல் பக்கம் சில வீட்டு நிலைகளில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று, கறி வாங்கப் போன நம் சமையல்காரன் வீரணன் வந்து சொன்னான். யாரும் சத்தமாகப் பேசுவதில்லையாம்.

மாடிக் கோடி அறையில் ஒரு ஜவுளிக்காரர் தங்கியிருக்கிறார். வடக்கே துணி கொள்முதல் பண்ணிக்கொண்டு சிவகங்கைக்குத் திரும்புகிறவர். வந்த அன்றே காய்ச்சல். இடுப்பு முறிகிறது என்று முனகிக்கொண்டே கிடக்கிறார். அப்பா தன் கையாலேயே கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறார். சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பரீட்சைக்கு நன்றாகப் படி. மூன்று வருஷம் போன பிறகு கோட்டை விட்டாய் என்றால் அப்பா உன்னை இலை எடுக்கத்தான் போடுவார்.

உன் அக்கா,
ஜெயக்கொடி


மதுரை
மாசி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் பதில் கிடைத்தது. நீ பயந்தது சரிதான். ஜவுளிக்காரருக்கு முத்துப் போட்டிருக்கிறது. முகத்தில், உள்ளங்கையில், நாக்கில் கூட. ஒரு ஊசி வைக்க இடமில்லை.

அம்மையாக இருந்தால் மற்ற அறைகளைக் காலி செய்து, கடையை மூடி, நகரசபை சுகாதார ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முதலாளி கடமை என்று எழுதியிருந்தாய். அப்படியே படித்தேன். அப்பா உன் எழுத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, மாரியாத்தா நம்ம வாசலத் தேடி விருந்தாளியா வந்திருக்கா, அவளக் காட்டிக் கொடுத்துக் ஊருக்கு வெளிய அம்மைக் கொட்டகைக்கு அனுப்புனா நம்ம வம்சம் வெளங்குமா என்று கேட்டார். அப்புறம் மெதுவாக, யாரையும் போன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல தாயி என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மாடிப்படியில் வேப்பிலை கட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அறைக்குள்ளேயே கட்டினார். கடையை மூடினாலும் ஏன் என்று கேட்பார்கள் என்று மூடவில்லை. மாடி வேற, கீழ வேற என்று ஒரு கணக்குப் போட்டார். ஆனால் அம்மை இருக்கிற கூரைக்குக் கீழே எண்ணெய் காயக்கூடாதே. கறி வதக்கக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. நம் கடையோ கறிக் கடை. வீரணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அண்ணே, எம்பிள்ளைகுட்டி நல்லாருக்கணும், நான் தாளிக்க மாட்டேன் என்று அழுதுவிட்டான். அப்பாவுக்கும் கை வரவில்லை. இன்றைக்குக் கறி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பருப்புக் குழம்பை அப்படியே தாளிக்காமல் இறக்கு என்றார். பொய்யும் சொல்ல வேண்டும், ஆத்தாளுக்கும் பயப்பட வேண்டும் என்றால் இப்படித்தான் ஆகும்.

மதியம் பந்தி நிறைய ஆள். பசுமலையிலிருந்து வாரம் தவறாமல் வருகிற பெரிய மீசை வாத்தியார் முதல் கவளம் வாயில் வைத்தார். மெல்லவில்லை. தலையைத் தூக்கி மாடிப் பலகையைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவினார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாதே. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். பாதி தின்ற இலைகள் வரிசையாகக் கிடக்க, பந்தி மொத்தமும் எழுந்து போயிற்று. நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும்தான். தம்பி, ஒருத்தன் நின்று நம்மைத் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மாடியில் தங்கியிருந்தவர்களும் பொழுது சாயும் முன்னே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு கைப்பிள்ளைக்காரியும் இருந்தாள். அவர்களெல்லாம் எந்தெந்த ஊருக்கு எதை எடுத்துக்கொண்டு போகிறார்களோ. யாரும் நகரசபைக்குப் போய்ச் சொல்லவில்லை. ஆத்தாளைக் காட்டிக் கொடுத்த பாவம் யாருக்கு வேண்டும்?

ஒச்சாயியை அன்றைக்கே சோழவந்தானுக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவும் வா, அம்மாவும் வா என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? ராமக்காளும் துணி எடுக்க வருவதில்லை. விரிப்புகளை நானே வெந்நீரில் போட்டுத் துவைக்கிறேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். நீயும் நானும் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள். குத்துகிறவன் ஊருக்கு வந்த நாளெல்லாம் அப்பா நம்மைக் கொடிக்காலுக்குள் ஒளித்துவைத்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். நமக்கு அது விளையாட்டு. அவருக்கு அது பக்தி. இந்தக் கடிதம் கண்டதும் போய்க் கையை நீட்டிக் குத்திக்கொள். வீரன் மாதிரி எழுதுகிறாயே தவிர ஊசி என்றால் நீ ஓடுகிறவன். ஓடாதே.

அக்கா,
ஜெயக்கொடி


மதுரை
பங்குனி 5

என் தம்பி வெள்ளைத்துரைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. அப்பா போன செவ்வாய்க்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். தந்தி கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். கொடுக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். தந்தி கண்டால் நீ அடுத்த ரயிலில் ஏறிவிடுவாய். அதற்காகத்தான் கொடுக்கவில்லை. என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள். பங்காளி முறைக்கு நல்லகாமன் சித்தப்பா இருந்து எல்லாம் செய்தார். கொட்டு இல்லை, சங்கு இல்லை. அம்மையில் போனவருக்கு அழக்கூடாது என்று என் வாயையும் பொத்திவிட்டார்கள். அந்த அழுகை இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஜவுளிக்காரருக்கு முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். முகமெல்லாம் குழி விழுந்து, ஒரு கண் மங்கிப்போய், ஆனால் ஆள் பிழைத்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் அறை காலி. அவரும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார். அன்றைக்கே அப்பா படுத்தார்.

அப்பா படுத்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு நேரே நகரசபைக்கு நடந்துபோய், எங்கள் வீட்டில் அம்மை இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், விரிப்புகளையும் துண்டுகளையும் கொல்லையில் போட்டு எரித்தார்கள், கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். வீரணனுக்கும் மற்ற ஆட்களுக்கும் குத்தினார்கள். எனக்கும் குத்தினார்கள். முன்னமே சொல்லியிருக்கலாமே அம்மா என்று அந்த ஆள் என் கையைப் பார்த்துச் சொன்னார். சோழவந்தானுக்கு ஆள் விட்டு ஒச்சாயிக்கும் குத்தச் சொன்னேன். கை வீங்கி இரண்டு நாள் அழுதாளாம். அழட்டும். அழுகிற பிள்ளை இருக்கிற பிள்ளை.

அப்பாவுக்கு அப்போது கண் திறக்க முடியவில்லை. சுண்ணாம்பு வாசத்திலேயே தெரிந்துகொண்டார். வீடு தேடி வந்தவளக் காட்டிக் கொடுத்துட்டியே தாயி என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை. நான் கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்தார். தெருவில், மகள்தான் ஆத்தாளை அவமதித்து அப்பனைக் கொன்றுவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். பால்காரி வாசலில் செம்பை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். நான் செய்தது சரி என்று பகலில் தோன்றுகிறது. விளக்கை அணைத்த பிறகு அவ்வளவு தைரியம் இருப்பதில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. விரிப்பும் துண்டும் மாற்றச் சொல்லி நான் எழுதியதால்தானே அக்கா அதையெல்லாம் துவைக்க நேர்ந்தது என்று மருகியிருக்கிறாய். பைத்தியக்காரா, அது நல்ல படிப்பு. அழுக்கு விரிப்பில் அந்த மனிதரைப் படுக்க வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்குமா? நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. அப்பாவும் அவருக்குத் தெரிந்த தர்மத்தைத்தான் செய்தார். இரண்டு பேரும் வந்தவனை நல்லபடியாக வைத்துக்கொள்ளத்தான் நினைத்தீர்கள்.

பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன், ஆபத்து வேளையில் முதலாளி முன்னால் நிற்க வேண்டும் என்று பாடம் எழுதியிருக்கிறாய். பூட்டின கடைக்கு முன்னால் நின்று என்ன செய்வாய்? முன்னால் நிற்க நான் இருக்கிறேன். அம்மை குத்திக்கொள் என்று நான் எழுதியதற்குப் பதிலே எழுதவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வராதே. பரீட்சை எழுது. அம்மை குத்திக்கொள். நகரசபைக்காரர்கள் பூட்டைத் திறந்து கொடுத்தபிறகு வா. வந்து கடையை உன் இஷ்டப்படி நடத்து. வீரணன் உனக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறான். நேராகச் சோழவந்தானில் இறங்கிவிடு, மதுரைக்கு முதலில் வராதே.

எனக்கு நேற்றிலிருந்து இடுப்பு வலி. பத்து நாளாக அப்பாவின் துணி அலசிய அலுப்பு. தலையும் கொஞ்சம் பாரமாக இருக்கிறது. வெயில் அப்படி அடிக்கிறது. உன் மச்சான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வாசல்படி மிதிக்கக் கூடாது, பிள்ளையோடு இருங்கள் என்று சொல்லிவிட்டேன். வீரணன் கொல்லைப்புறம் வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போகிறான். இந்தக் கடிதத்தையும் அவன்தான் தபாலில் போடுவான். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

வைகாசியில் ஒச்சாயிக்குக் காது குத்தச் சொல்லியிருக்கிறேன். அதைத் தள்ளிப்போட வேண்டாம், யார் என்ன சொன்னாலும், வீட்டில் என்ன நடந்திருந்தாலும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நீ புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார். ஆசாரி கம்பியை எடுத்ததும் அம்மா அம்மா என்று என்னைத் தேடித் திமிறுவாள். நீ கலங்கிப்போய் விட்டுவிடாதே. இறுக்கிப் பிடித்துக்கொள்.

நீ நூறு வயது நன்றாக இருப்பாய்.

உன் அக்கா,
ஜெயக்கொடி