அப்பாவின் லாக்டேட் ஏறிய காலை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். வெறுமனே நலம் என்றால் நீ நம்ப மாட்டாய், அதனால் எவ்வளவு நலம், அது எப்படித் தெரியும் என்று விவரமாகவே சொல்கிறேன். தீவில் நீயும் உன் மீன் பண்ணைத் தொட்டியில் இருக்கும் முட்டைகளும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வரும் படகிலேயே ஏறிக் கிளம்பி வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். படகு சரக்கு இறக்க அரை நாள் ஆகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அந்த அரை நாளில் இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் தூக்கு. என் கண்ணாடியை வார்டு நாற்காலியில் வைத்துவிட்டு நானே அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன், ஆகவே நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுத மாட்டாளாம், முழு வாக்கியமாக ஆக்கித்தான் எழுதுவாளாம். (அடைப்புக்குறிக்குள் வருவது என் கருத்து, அக்கா. மருத்துவ விவரங்களை டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்.)

எல்லாம் அப்பாவின் வலது கட்டைவிரலில் விழுந்த ஒரு கீறலில் தொடங்கியது. பழைய மீட்டர் பெட்டியின் தகரம் கிழித்தது. வேறு யாராக இருந்தாலும் கழுவி மருந்து போட்டிருப்பார்கள், உன் அப்பாதான் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கேட்டதற்கு, "நானூறு வோல்ட்டையே அடக்குற டேப்பு, ஒரு கீறலை அடக்காதா" என்று என்னையே மடக்கினார். டேப்புக்குள் அது நன்றாகப் புழுங்கிப் பழுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி நடுக்கம், மூச்சு இரைப்பு, கை கால் சில்லென்று. கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்து, "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏறுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உன் தங்கைதான், "அம்மா, பேச்சு குழம்புது, இது சும்மா காய்ச்சல் இல்ல" என்று ஓடிப் போய்ப் பக்கத்து வீட்டு வேன்காரரைக் கூட்டி வந்தாள். அவர் ஹாரன் அடித்தபடியே எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார்.

அங்கே ஒரு லேடி டாக்டர், குள்ளமாக, வேகமாக நடப்பவர். பார்த்ததுமே செப்சிஸ் என்று சொல்லிவிட்டார். அது என்ன என்றால், திருடனை அடிக்கக் கம்பெடுத்தவன் ஆத்திரத்தில் தன் வீட்டுச் சாமான்களையே போட்டு உடைக்கிற மாதிரி, கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பு தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையுமே தாக்குவதாம். உடனே ரத்தம் எடுத்தார்கள், எடுத்த கையோடு மருந்தையும் ஏற்றிவிட்டார்கள். ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்களாம். ஒன்று லாக்டேட், இன்னொன்று நீளமான பெயர், எனக்கு வாயில் நுழையாது. (புரோகால்சிடோனின். கிருமித் தொற்று கடுமையாக இருந்தால் ஏறும், மருந்து பிடித்தால் இறங்கும். லாக்டேட் என்பது உடம்பின் தசைகளும் உறுப்புகளும் போதிய ரத்த ஓட்டம் இல்லாமல் தவித்தால் ஏறுவது. இரண்டுக்குள் இருப்பது நல்லது.) அப்பாவுக்கு அன்று லாக்டேட் நாலைத் தாண்டியிருந்தது. நாலு தானே, சின்ன எண்தானே என்று நினைத்தேன், டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அது சின்ன எண் இல்லை என்று புரிந்தது. இதைத்தான் உனக்கு அப்போதே சொல்லாமல் விட்டேன்.

உன் தங்கை சும்மா இருப்பாளா, டாக்டர் பின்னாலேயே வால் மாதிரி போய், இந்த எண்ணை வைத்து யார் பிழைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. "ஒரு தடவை எடுத்த எண்ணு பாஸ்போர்ட் போட்டோ மாதிரிம்மா. ஆளு இருக்கார்னு தெரியும், எந்தப் பக்கம் நடக்குறார்னு தெரியாது. அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். அதிலிருந்து வார்டில் இவளுக்குக் குட்டி டாக்டர் என்று பெயர், அப்பாவுக்குக் கரண்ட் மாமா என்று பெயர். மறுநாள் எண் இறங்கியது, ஃபேனோடு பேசுவதும் நின்றது. விரலைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். எங்களுக்கு உயிர் வந்தது.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். புதன்கிழமை காலையில் எடுத்த ரத்தத்தில் லாக்டேட் மறுபடி நாலை எட்டிப் பிடித்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை தயார் செய்யச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம், "வீட்டுல யாராவது வெளியூர்ல இருந்தா சொல்லி வைங்க" என்றார். அந்த நேரத்தில்தான் நடைக்கோடியில் நின்று உனக்கு உடனே வா என்று செய்தி அனுப்பினேன். அது விளையாட்டுச் செய்தி இல்லை, பொய்யும் இல்லை.

செய்தியை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவர், அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அவர்களுக்கும் இதே நோய். அவர்கள் இருவருக்கும்கூட அன்று காலை எண் எகிறியிருக்கிறது, ஆனால் இருவரும் அப்பாவிடம் வீட்டு ஒயரிங்குக்கு யோசனை கேட்டுக்கொண்டு தெம்பாக இருக்கிறார்கள். "மூணு பேருக்கும் ஒரே காலையில ஏறுமா" என்று டாக்டர் நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் பாவம், சந்தோஷமாகவே சொன்னாள், "தெரியல டாக்டர், ஆனா இன்னிக்கு மூணு பேருக்கும் நரம்பு டக்குனு கிடைச்சுது, கரண்ட் மாமா புண்ணியத்துல." டாக்டர் மெல்லத் திரும்பி, அப்படி என்ன புண்ணியம் பண்ணீங்க என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

உன் அப்பாவுக்கு வேலை விளக்கம் கேட்டால் போதுமே. முந்தின நாள் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் கஷ்டப்பட்டதைப் பார்த்தாராம், நம்மால் ஒரு பெண்பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே ஒரு வழி கண்டுபிடித்தாராம். நர்ஸ் தள்ளுவண்டியோடு அந்தக் கோடியில் வரும்போதே மேல்கையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையை மூடித் திறந்து மூடித் திறந்து பம்பு அடிக்கிற மாதிரி அடித்தால் நரம்பு கயிறு மாதிரி எழுந்து நிற்குமாம். அதைக் கட்டிலில் உட்கார்ந்தபடி செய்தே காட்டினார். தனக்கு மட்டும் போதாதென்று பஸ் டிரைவருக்கும் வாத்தியாருக்கும் முந்தின சாயங்காலமே வகுப்பு எடுத்திருக்கிறார். காலையில் மூன்று பேரும் துண்டும் கையுமாக வரிசையாக உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். வாத்தியார் எண்ணிக்கை வேறு சொல்லிக் கொடுத்தாராம்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ரத்தத்தைக் கட்டி வெச்சிட்டு சதையைப் போட்டு இப்படிப் பிழிஞ்சா, அந்தக் கையில லாக்டேட் ஏறத்தான் செய்யும். அது உங்க நோயோட கணக்கு இல்ல, உங்க துண்டோட கணக்கு" என்றார். (அக்கா, ஓடும்போது கால் தசையில் சேருகிறதே, அதே பொருள்தான்.) பஸ் டிரைவர், "நான் அப்பவே கேட்டேன், இது டாக்டர் சொன்ன முறையான்னு" என்று நழுவப் பார்த்தார். "கேட்டது வாய், அடிச்சது கையி" என்று அப்பா விடவில்லை. மூவரும் அரை மணி நேரம் கையைத் தொங்கவிட்டு, பேசாமல் படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. பேசாமல் இருப்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு கட்டே போடாமல் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துண்டுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அதற்கும் எண்தானே சாட்சி சொல்ல வேண்டும். உன் தங்கை என் புடவைத் தலைப்பைத் திருகித் திருகிக் கசக்கிவிட்டாள். (உண்மை.) வந்தது. அப்பாவுக்கு இரண்டுக்குள். மற்ற இருவருக்கும் இறக்கம். அன்று மாலையே அந்த நீளப் பெயர்க்காரனும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தான். நான் உனக்கு அனுப்பிய இரண்டாவது செய்தி, அப்பா நலம், வர வேண்டாம் என்பது, அதற்குப் பிறகு அனுப்பியது. நீ அதைத்தான் பொய் என்று சொல்லி, கிளம்பி வருவதாகப் பதில் போட்டாய். உன் மேல் தவறில்லை, ஒரே நாளில் அப்படியும் இப்படியும் எழுதினால் யார்தான் நம்புவார்கள்.

டாக்டரிடம் இனிமேல் பயமில்லையே என்று பத்திரம் எழுதி வாங்குகிற மாதிரிக் கேட்டேன். அப்படியெல்லாம் எழுதித்தர முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் இறங்குகின்றன, சிறுநீர் நன்றாகப் போகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, அதுவும் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார். இன்னும் பல வாரங்களுக்கு அசதி இருக்கும், ஏணி ஏறக் கூடாது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கண்ணு, இப்போது நீ முடிவு செய். முட்டை பொரிக்கிற நேரத்தில் நீ அங்கே இல்லையென்றால் ஒரு வருஷ உழைப்பு வீண், வேலையும் நிலைக்காது என்று எனக்குத் தெரியும். அதற்காக வராதே என்று நான் சொல்ல மாட்டேன், அப்பாவைப் பார்க்க ஒரு மகளுக்கு யார் அனுமதியும் வேண்டாம். பயத்தினால் மட்டும் படகில் ஏறாதே. பயப்பட வேண்டிய அந்த ஒரு காலையை உனக்கும் சேர்த்து நான் பயந்து முடித்துவிட்டேன். ஆசையினால் ஏறுவதாக இருந்தால் இப்போதே ஏறு, அல்லது குஞ்சுகள் நீந்தின பிறகு ஏறு, எப்போது வந்தாலும் கதவைத் திறக்க அப்பா வருவார்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு கடற்காற்றில் நிற்காதே. ஏறவில்லை என்றால் படகுக்காரரிடம் மறக்காமல் ஒரு வரி கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா.
(எழுதியவள் தங்கை. அப்பா இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கீழே கிறுக்கியிருப்பது அவருடைய பெயர்தான், அக்கா. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.)